அலர்ஜி ஊசி: கோவையில் ஆரம்பித்து, மீதியை கொழிஞ்சாம்பாறையிலேயே போட்டுக்கலாமா?

எல்லையோரத்தான்:
வணக்கங்க. பையனுக்கு 11 வயசு, எடை 32 கிலோ. வருஷம் பூரா அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு. ஆடிக் காத்து தொடங்கினா இளைப்பும் சேர்ந்துக்கும். கோவையில தோல் குத்திப் பார்த்ததுல வீட்டுத் தூசிப்பூச்சிக்கு 7 மி.மீ., கரப்பானுக்கு 3 மி.மீ. தடிப்பு வந்திருக்கு. மூணு வருஷம் ஊசி போடணும், முதல் சில மாசம் வாராவாரம் வரணும்னு டாக்டர் சொல்றார். மருந்து பாட்டிலை வாங்கிட்டு வந்து இங்க கேரள எல்லையிலயே, கொழிஞ்சாம்பாறையில பக்கத்துல நர்ஸ் அக்காகிட்ட போட்டுக்கலாமுங்களா? ஐஸ் வச்சு பஸ்ல கொண்டு வந்தா கெட்டுப்போகுமா? நடுவுல ஹர்த்தால் வந்து ஒரு வாரம் விட்டுப்போனா முதல்ல இருந்தா? இவ்வளவு பாடுபடுற அளவுக்கு இது பலிக்குமா?

ஊசிமுனை:
நர்ஸ் வீட்டுக்கு வந்து போடுவது வேண்டவே வேண்டாம். உள்ளூர் கிளினிக்கில் போடலாம், ஆனால் டாக்டர் அங்கே இருக்கிற நேரத்தில் மட்டும்.

பையனுக்கு எது ஆகாதோ அதையேதான் தோலுக்கடியில் செலுத்துகிறோம். அரிதாக, அது உடம்பு முழுக்கப் பரவி ரத்த அழுத்தம் சரிந்து மூச்சுக்குழாய் இறுகலாம். அப்போது காப்பாற்றுவது அட்ரினலின் என்ற அவசர ஊசிமருந்துதான். செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரையும் ஸ்டீராய்டு ஊசியும் அதற்கு மாற்று அல்ல. அளவு கிலோவுக்கு 0.01 மி.கி. 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்பூலில் உங்கள் பையனுக்கு 0.3 மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். கிளினிக்கில் போய் முதலில் கேளுங்கள்: காலாவதியாகாத அட்ரினலின், ஆக்ஸிஜன், நெபுலைசர், சலைன் இருக்கிறதா? "அதெல்லாம் தேவைப்படாதுங்க" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

போட்டபின் 30 நிமிடம் அங்கேயே உட்கார வேண்டும். மோசமான எதிர்வினைகளில் பெரும்பாலானவை இதற்குள் தலைகாட்டிவிடும். உள்ளங்கை அரிப்பு, திடீர்த் தும்மல், தொண்டை இறுக்கம், வயிற்றுப் பிசைவு என்று பையன் எது சொன்னாலும் உடனே கூப்பிடுங்கள். ஊசி போட்ட இடத்தில் சிவந்து வீங்குவது சாதாரணம், ஐஸ் ஒத்தடம் போதும். ஆனால் வீக்கத்தை அளந்து அடுத்த முறை சொல்ல வேண்டும், அதை வைத்துத்தான் அளவைக் கூட்டுவதா நிறுத்துவதா என்று முடிவாகும். அன்று இரண்டு மணி நேரத்துக்கு ஓட்டம், கிரிக்கெட், வெந்நீர்க் குளியல் கூடாது.

இளைப்பு இருக்கிற நாளில், காய்ச்சல் அடிக்கிற நாளில் ஊசி கிடையாது. ஆஸ்துமா கட்டுக்குள் வராத குழந்தைக்கு ஆரம்பிக்கவே கூடாது. தடுப்பு இன்ஹேலரை ஒழுங்காக எடுத்து, மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனையில் அளவு சரியாக வந்தபிறகுதான் முதல் ஊசி. ஆடி, ஆவணியில் இளைப்பு கூடும் என்றால், அது அடங்கிய பிறகு தொடங்கச் சொல்லிக் கேளுங்கள்.

என் யோசனை: அளவு ஏறுகிற மாதங்கள் முழுக்கக் கோவையிலேயே. உச்ச அளவு நிலைத்து, மாதம் ஒரு ஊசி என்றானபின் உள்ளூருக்கு மாற்றுங்கள். அப்போது டாக்டரிடம் கடிதம் வாங்க மறக்காதீர்கள்: எந்தப் பாட்டில், என்ன அடர்த்தி, கடைசி அளவு, தேதி, முன்பு வந்த எதிர்வினை எல்லாம் ஆங்கிலத்தில். இந்தப் பக்கம் டாக்டர் மலையாளியாக இருந்தாலும் சிக்கல் வராது.

மருந்துக்கடை பாலன்:
பாட்டில் விஷயம் நான் சொல்றேன். 2 முதல் 8 டிகிரி குளிர்லயே இருக்கணும். வெயிலை விட உறைஞ்சு போறதுதான் இங்க அடிக்கடி நடக்கிற கேடு: ஐஸ் கட்டி மேலயே பாட்டிலை வச்சு கட்டிக் கொண்டு வருவாங்க. ஒரு தடவை உறைஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான், உருக வச்சுப் போடக்கூடாது. தெர்மாகோல் டப்பாவுல ஐஸ் பேக், அது மேல மடிச்ச துண்டு, அது மேல பாட்டில். வீட்டு ஃபிரிட்ஜில கதவுலயும் ஃப்ரீசரை ஒட்டியும் வைக்காதீங்க, நடுத்தட்டு. நீர்த்த பாட்டில்தான் சீக்கிரம் வீரியம் குறையும், அதனால ஒவ்வொண்ணோட காலாவதி தேதியையும் தனித்தனியாப் பாருங்க. புதுப் பாட்டில் உடைக்கிறப்ப பழைய அளவையே போடாம குறைச்சு ஆரம்பிக்கிறது வழக்கம், இதை ஞாபகப்படுத்துங்க.

தப்பு அதிகமா நடக்கிற இடம் இன்னொண்ணு இருக்கு: பாட்டில் மாறிப்போறது. பல இடங்கள்ல 5000-க்கு 1, 500-க்கு 1, 50-க்கு 1-னு மூணு அடர்த்தி, ஒண்ணுக்கொண்ணு பத்து மடங்கு. 0.4 மி.லி.ன்னு மட்டும் சீட்டுல எழுதியிருந்து பாட்டில் மாறினா அது பத்து மடங்கு மருந்து. ஊசி உறிஞ்சறதுக்கு முன்னாடி லேபிளை நீங்களும் படிங்க, கூச்சப்படாதீங்க.

விட்டுப்போனா முதல்ல இருந்து இல்லை. அளவு ஏறுற காலத்துல ஒரு வாரம் தள்ளினா பெரும்பாலும் கடைசி அளவையே திரும்பப் போடுவாங்க, ரெண்டு மூணு வாரம் ஆச்சுன்னா படி இறங்குவாங்க. நீங்களா முடிவு பண்ணி விட்டதையும் சேர்த்து ரெண்டு அளவா மட்டும் போட்டுடாதீங்க! ஓணம், பொங்கல், விஷு எல்லாம் முன்னாடியே காலண்டர்ல குறிச்சு தேதி கேட்டு வச்சுக்குங்க.

கணவாய்க்காற்று:
பலிக்குமா என்று கேட்டதற்குப் பதில். தூசிப்பூச்சி அலர்ஜிக்கு நன்றாகப் பலிக்கும், நோயும் சோதனையும் ஒத்துப்போனால். 3 மி.மீ. தடிப்பு என்பது சோதனையில் அலர்ஜி என்று கணக்கில் எடுப்பதற்கான கீழ்க்கோடு. அந்தக் கரப்பான் 3-ஐ வைத்து அதையும் சேர்க்கச் சொல்லாதீர்கள். வீட்டில் கரப்பான் தொல்லை இருந்து, அங்கே இருந்தால் தும்மல் கூடுகிறது என்றால் அது வேறு கதை. இன்னொன்று, கரப்பான், பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த சத்துகளில் உள்ள என்சைம், ஒன்றாகக் கலந்தால் மகரந்தப் புரதத்தைச் சிதைத்துவிடும். எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் கலந்து தருகிற இடமானால் ஏன் என்று கேளுங்கள்.

ரத்தத்தில் மொத்த ஐ.ஜி.ஈ. (அலர்ஜியில் கூடுகிற எதிர்பொருள்) எகிறியிருக்கிறது என்பதற்காக ஊசி போடுவதில் அர்த்தமில்லை, குடல்புழு இருந்தாலும் அது எகிறும். சோதனைக்கு முன் செட்ரிசின் வகை மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தியிருந்தீர்களா என்பதையும் சரிபாருங்கள்; நிறுத்தாவிட்டால் தடிப்பு அடங்கித் தெரியும்.

வீட்டுக்குப் பக்கத்தில் நார் மில் இருந்தால் அந்தத் தூசி பெரும்பாலும் எரிச்சல்தான், அலர்ஜி இல்லை. கொசுவத்திப் புகையும் அப்படியே. அதற்கு இந்த ஊசி ஒன்றும் செய்யாது. பார்த்தீனியம் பட்டு வரும் தோல் கொப்புளத்துக்கும், நாள்பட்ட தடிப்பு அரிப்புக்கும் செய்யாது.

1911-ல் லண்டனில் லெனார்ட் நூன் புல் மகரந்தச் சத்தை ஊசியாகப் போட்டுப் பார்த்ததிலிருந்து அடிப்படை மாறவில்லை: கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி உடம்பைப் பழக்குவது. ஐ.ஜி.ஜி.4 என்ற எதிர்பொருள் கூடும், சண்டைக்கு நிற்கிற செல்கள் அடங்கும். இதற்குக் காலம் பிடிக்கும். உச்ச அளவுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியும் மாத்திரையும் இன்ஹேலரும் கொஞ்சமும் குறையவில்லை என்றால் நிறுத்துவதைப் பற்றிப் பேசுங்கள். பலன் தெரிந்தால் 3 முதல் 5 வருஷம். ஒரு வருஷத்தில் நல்லாயிருச்சு என்று விட்டவர்களுக்குத் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

எல்லையோரத்தான்:
நன்றிங்க எல்லாருக்கும். நாக்குக்கடியில விடற சொட்டு மருந்து இருக்காமே, அதுன்னா இவ்வளவு அலைச்சல் இல்லைங்களே?

ஊசிமுனை:
அலைச்சல் இல்லை, ஆனால் தினமும் விட வேண்டும், அதுவும் மூன்று வருஷம். முதல் சொட்டு டாக்டர் முன்னால். நாக்குக்கடியில் ஒன்றிரண்டு நிமிடம் வைத்திருந்து விழுங்கணும். வாய் நமைச்சல் முதல் சில வாரம் இருக்கும். வாய்ப்புண் இருந்தாலோ பல் பிடுங்கியிருந்தாலோ ஆறும்வரை நிறுத்துங்கள். ஆபத்து ஊசியை விடக் குறைவு. ஆனால் ஊசியை விடப் பல மடங்கு சத்து உள்ளே போனால்தான் வேலை செய்யும்; நீர்த்த சொட்டு வெறும் தண்ணீர். பாட்டிலில் அடர்த்தி எழுதாத சொட்டை வாங்காதீர்கள். பையன் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் தினம் தவறாமல் விடுவான் என்று நம்பிக்கை இருந்தால் உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.