டிகிண்டர் மெனுவில் ரேடியோ பட்டன்: திறந்தவுடன் குறி தெரியவில்லை

கேள்வி

வணக்கம். அப்பாவுக்கு 74 வயது. கண்புரை அறுவை முடிந்தும் சின்ன எழுத்து படிக்கச் சிரமப்படுகிறார். அவருடைய விண்டோஸ் மடிக்கணினிக்காகப் பைத்தானில், சாளரமும் மெனுவும் வரையும் டிகிண்டர் நூலகத்தை வைத்து, ஒரு சிறிய படிப்பான் எழுதிக்கொண்டிருக்கிறேன். மேலே 'எழுத்தளவு' என்று ஒரு மெனு. அதில் 14, 18, 24, 32 என நான்கு ரேடியோ பட்டன்கள் (ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கலாம்). மெனு கட்டும் மெத்தடுக்குள் ஒரு இன்ட்வார் (எண்ணை வைத்திருக்கும் டிகிண்டர் மாறி) உருவாக்கி, 24 என்று செட் செய்து, நான்குக்கும் அதையே கொடுத்தேன். சொடுக்கியதும் ஓட வேண்டிய வேலையை லாம்டாவில் (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) நேரடியாக அளவோடு அனுப்புகிறேன்.

நிரலைத் திறந்து மெனுவைப் பார்த்தால் நான்கில் எதிலும் குறி இல்லை. ஒன்றைச் சொடுக்கிய பிறகு ஒழுங்காக வருகிறது. செட் செய்த அடுத்த வரியிலேயே அச்சிட்டுப் பார்த்தேன், 24 என்றுதான் காட்டுகிறது. இரண்டு இரவுகளாக இதிலேயே இருக்கிறேன்.

பதில் 1

மெத்தட் முடிந்ததும் உங்கள் இன்ட்வாரை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. பைத்தான் அதை அழித்துவிடுகிறது. அழியும்போது டிகிண்டருக்கு அடியில் ஓடும் டிசிஎல் மொழியின் பக்கத்தில் இருக்கும் மாறியையும் சேர்த்து நீக்கிவிடும். மெனுவிடம் மிஞ்சுவது மாறியின் பெயர் மட்டும்தான். நீங்கள் சொடுக்கும்போது, மெனுவை வரையும் டிகே அதே பெயரில் மாறியைப் புதிதாக உண்டாக்குகிறது, அதனால்தான் அப்போது மட்டும் குறி வருகிறது.

அந்த இன்ட்வாரை செல்ஃப்.அளவு என்று கிளாஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மெத்தட் முடிந்தாலும் அழியாது, தீர்ந்துவிடும். லாம்டாவையும் விட்டுவிடலாம். நான்குக்கும் ஒரே மெத்தடைக் கொடுத்து, அதற்குள் கெட் செய்து அளவைப் படியுங்கள். நாளைக்கு இந்த நான்கையும் ஃபார் லூப்பில் போட்டால், லாம்டா கடைசி எண்ணை மட்டுமே பிடித்துக்கொண்டு எதைச் சொடுக்கினாலும் 32 ஆக்கும்; அந்தத் தொல்லையும் இருக்காது. அப்புறம், மெனுவின் தலையில் புள்ளிக்கோடு தெரிந்தால் டியர்ஆஃப்பை (மெனுவைத் தனியே பிரித்தெடுக்கும் வசதி) 0 ஆக்குங்கள்.

கேட்டவர்

செல்ஃப் சேர்த்ததும் குறி வந்துவிட்டது, மிக்க நன்றி! ஆனால் கடைசியாகத் தேர்ந்த அளவை ஒரு கோப்பில் எழுதி, அடுத்த முறை அதிலிருந்து எடுத்து செட் செய்தேன். எழுத்து சரியாக 24இல் வருகிறது, கெட் செய்தாலும் 24. குறி மட்டும் மறுபடி காணோம்.

பதில் 2

கோப்பிலிருந்து வரியாகப் படித்தீர்களா? அப்படியானால் 24க்குப் பின்னால் வரிமுறிவும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். கெட் அதை எண்ணாக மாற்றித் தருவதால் உங்களுக்குத் தெரியாது. மெனுவோ எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத்தான் குறி போடும். வரிமுறிவு இருந்தால் பொருந்தாது. இன்ட் போட்டு எண்ணாக்கிவிட்டு செட் செய்யுங்கள். எனக்கு இதே இடத்தில் ஒரு முழு நாள் போயிருக்கிறது.

பதில் 3

நிரல் சரியாகிவிட்டது, சரி. அப்பாவின் கண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சின்ன எழுத்து தெரியாதவர் சின்ன எழுத்தில் இருக்கும் மெனுவைத் தேடித் திறந்துதான் எழுத்தைப் பெரிதாக்க வேண்டுமா? விண்டோஸில் மெனுப்பட்டியின் எழுத்தை டிகிண்டரிலிருந்து பெரிதாக்க முடியாது.

மெனு இருக்கட்டும். அதோடு சாளரத்திலேயே நான்கு ரேடியோபட்டன்களை வையுங்கள். இண்டிகேட்டர்ஆன் என்பதை 0 ஆக்கினால் வட்டம் போய், அழுத்தினால் அழுந்தியே நிற்கும் பொத்தான்களாகிவிடும். எங்கள் வீட்டு வால்வு ரேடியோவில் பியானோ கட்டை மாதிரி வரிசையாக இருக்கும். ஒன்றை அழுத்தினால் முன்பு அழுந்தியிருந்தது டக்கென்று எழும்பும். அப்பாவுக்கும் அது பழகியதாக இருக்கலாம். அதே செல்ஃப்.அளவு மாறியை இவற்றுக்கும் கொடுங்கள். மெனுவில் மாற்றினால் பொத்தானும், பொத்தானில் மாற்றினால் மெனுவும் தானாக மாறும், ஒரு வரிகூட எழுத வேண்டாம். ஒவ்வொரு பொத்தானிலும் எண் போடாமல் 'அ' என்று அந்தந்த அளவிலேயே போட்டுவிடுங்கள்.

கேட்டவர்

வரிமுறிவேதான். இன்ட் போட்டதும் குறி நிலைத்துவிட்டது. பொத்தான்களையும் வைத்துவிட்டேன். அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நான்கு 'அ'வையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். 24 பற்றாதாம், 32இல் வரி சீக்கிரம் மடிகிறதாம். நடுவில் 28 ஒன்று சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.