வான்கூவர் நடைக்கு மாற்றியதும் முருகன் ‘எஸ் எம்’ ஆகிவிட்டார்: ரெஃபரன்ஸ் சிக்கல், உதவி தேவை

காட்பாடி மாணவி:
வணக்கம். பாலாற்றை ஒட்டிய கிணற்று நீரில் குரோமியம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மாதிரிகள் ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை பக்கம் எடுத்தவை. முதலில் அனுப்பிய இதழ் பெயரும் ஆண்டும் போடும் ஏபிஏ நடை கேட்டது, ஆனால் கட்டுரையை ஏற்கவில்லை. இப்போது அனுப்பியிருக்கும் இதழ் எண் போடும் வான்கூவர் நடை கேட்கிறது. மதிப்பீட்டாளர் கைக்குப் போவதற்கு முன்பே, ரெஃபரன்ஸ் எங்கள் நடையில் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்து அனுப்ப வேண்டும்.

வேர்டில் ரெஃபரன்ஸ் சேர்க்க ஜோட்டெரோ மென்பொருள் வைத்திருக்கிறேன். நடையை மாற்றினால் கட்டுரையின் பின்பாதி மட்டும் எண்ணாக மாறுகிறது. முன்பாதியில் பெயரும் ஆண்டும் அப்படியே நிற்கின்றன. பட்டியலில் எஸ். முருகன் என்பவர் ‘எஸ் எம்’ என்று வருகிறார். குடிநீர்த் தரத்துக்காகச் சேர்த்த ஐஎஸ் 10500 என்ற இந்தியத் தரநிலை, ‘ஸ்டாண்டர்ட்ஸ்’ என்ற குடும்பப்பெயர் கொண்ட ஒரு மனிதர் எழுதியது போல வருகிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பாதிதான் வருகிறது. மொத்தம் 61 ரெஃபரன்ஸ். பேசாமல் எல்லாவற்றையும் கையால் திருத்திவிடலாமா?

சத்துவாச்சாரி அண்ணன்:
கையால் தொடாதீர்கள் தங்கச்சி. அடுத்த முறை ரெஃப்ரெஷ் கொடுத்ததும் நீங்கள் திருத்தியது எல்லாம் போய்விடும். முன்பாதி ஏன் மாறவில்லை என்று முதலில் பாருங்கள். வேர்டில் ஆல்ட், எஃப்9 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். ஜோட்டெரோ இணைப்பு அறாமல் உயிரோடு இருக்கும் சைட்டேஷன் (கட்டுரைக்குள் வரும் ரெஃபரன்ஸ் குறிப்பு) எல்லாம் நீளமான குறியீடாக விரியும். விரியாதவை வெறும் எழுத்தாகிவிட்டன. கோப்பை வேறு யாராவது திறந்து திருத்தினார்களா?

காட்பாடி மாணவி:
ஆமாம் அண்ணா. இணை ஆசிரியர் ஒருவர் தன் கணினியில் வேறு மென்பொருளில் திறந்து, முன்னுரையைத் திருத்திச் சேமித்து அனுப்பினார். இப்போது பார்த்தேன், முன்னுரையில் ஒன்றுகூட விரியவில்லை.

சத்துவாச்சாரி அண்ணன்:
அதுதான் காரணம். அவருக்கு அனுப்புவதற்கு முன்பிருந்த பழைய கோப்பு இருந்தால் அதைத் திறந்து, அவர் செய்த திருத்தங்களை மட்டும் அதில் ஏற்றுங்கள். பழைய கோப்பு இல்லையென்றால் முன்னுரையில் ஒவ்வொன்றாக மறுபடி செருக வேண்டியதுதான், வேறு குறுக்குவழி இல்லை. இனி அவருக்கு அனுப்பும்போது அன்லிங்க் செய்த, அதாவது ஜோட்டெரோ இணைப்பை நீக்கிய, தனிப் பிரதியை அனுப்புங்கள். மூலக் கோப்பு உங்களிடமே இருக்கட்டும்.

நூலகத்தில் 22 வருடம்:
பெயர் விஷயத்தை நான் சொல்கிறேன் அம்மா. ஒவ்வொரு வருடமும் பல ஆய்வேடுகளில் இதைப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும்தான். இதழ்களின் படிவமோ கடைசிப் பெயர் என்ன என்று கேட்கும். முருகன் தன் பெயரை ‘முருகன் எஸ்’ என்று எழுதியிருப்பார், படிவம் ‘எஸ்’ஸைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொண்டிருக்கும். டிஓஐ என்ற கட்டுரை அடையாள எண்ணைப் போட்டு நீங்கள் பதிவை இறக்கும்போது, அந்த விவரங்களை வைத்திருக்கும் கிராஸ்ரெஃபிலிருந்து அந்தத் தவறும் கூடவே வருகிறது. வான்கூவர் நடை கடைசிப் பெயரை முழுதாக வைத்து முன்பெயரைச் சுருக்கும். அதனால்தான் ‘எஸ் எம்’. ஏபிஏவிலும் இதே தவறு இருந்திருக்கும், உங்கள் கண்ணில் படவில்லை.

திருத்த வேண்டிய இடம் வேர்டு இல்லை, ஜோட்டெரோவில் உள்ள பதிவு. கடைசிப் பெயர்க் கட்டத்தில் முருகன், முன்பெயர்க் கட்டத்தில் எஸ். ஆர். செந்தில் குமார் போல இரண்டு சொல்லாக எழுதுபவரை ‘குமார் ஆர் எஸ்’ ஆக்கிவிடும். ‘செந்தில் குமார்’ முழுவதையும் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போடுங்கள். ஆனால் எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு இப்படிச் செய்யக் கூடாது. குமார் என்பதையே கடைசிப் பெயராக வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்து, அவர் மற்ற கட்டுரைகளில் எப்படி எழுதுகிறார் என்றும் ஒரு முறை பார்த்து முடிவு செய்யுங்கள். 61 பதிவுக்கு ஒரு மாலை போதும். அந்த ஒரு மாலையைச் செலவிடுங்கள் அம்மா. ஒருவரின் உழைப்பை எடுத்துக்கொள்கிறோம், அவர் பெயரையாவது சரியாக எழுத வேண்டும்.

ஐஎஸ் 10500க்கு ஆசிரியர் ஒரு நிறுவனம். பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குறியைச் சொடுக்கினால் இரண்டு கட்டங்கள் ஒரே கட்டமாகும். அதில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முழுப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஆண்டு 2012, அதையும் விடாதீர்கள்.

தோட்டப்பாளையம் வக்கீல்:
தீர்ப்பு பற்றி மட்டும் சொல்கிறேன். அது வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம் வழக்கு, 28 ஆகஸ்ட் 1996. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு, நம்ம ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. எந்த இணையதளத்தில் படித்தீர்களோ அந்த முகவரியைப் போடாதீர்கள். அச்சான தீர்ப்புத் தொகுப்பின் எண் போடுங்கள். எஸ்சிசி தொகுப்பு என்றால் (1996) 5 எஸ்சிசி 647. ஏஐஆர் தொகுப்பு என்றால் ஏஐஆர் 1996 எஸ்சி 2715. இரண்டில் ஒன்று போதும்.

நூலகத்தில் 22 வருடம்:
சார் சொன்னது சரி. ஜோட்டெரோவில் அதற்கு ‘வழக்கு’ என்று தனி வகை உண்டு. ஆனால் மருத்துவ, அறிவியல் இதழ்களின் நடைக் கோப்புகள் பல சட்ட வகையைச் சரியாகக் கையாளாது. கடைசிப் பிரதியில் அந்த ஒன்றை மட்டும் கையால் திருத்தலாம்.

காட்பாடி மாணவி:
நன்றி மேடம், நன்றி சார். பெயர்கள் எல்லாம் முடித்தேன். 14 பேர் பெயர் தவறாக இருந்தது. இன்னும் ஒரு சிக்கல். அட்டவணை 1இல் மட்டும் வரும் ஆறு ரெஃபரன்ஸ் 56 முதல் 61 வரை எண் வாங்குகின்றன. அட்டவணைகளைக் கட்டுரையின் கடைசியில் வைத்திருக்கிறேன். இது சரியா?

சத்துவாச்சாரி அண்ணன்:
சரியில்லை. அட்டவணையில் மட்டும் வருபவை, அந்த அட்டவணை கட்டுரையில் முதலில் எங்கே குறிப்பிடப்படுகிறதோ அந்த இடத்தின் வரிசையில் எண் பெற வேண்டும். மென்பொருளுக்கு அது தெரியாது, கோப்பில் எங்கே இருக்கிறதோ அதைத்தான் பார்க்கும். ‘அட்டவணை 1’ என்று முதலில் எழுதிய பத்திக்கு அடியில் அட்டவணையை நகர்த்தி ரெஃப்ரெஷ் கொடுங்கள். எண்கள் சரியானதும் ஒரு பிரதி எடுத்து, அதை அன்லிங்க் செய்து, அந்தப் பிரதியில் அட்டவணையைத் திரும்பக் கடைசிக்குக் கொண்டு போங்கள்.

அப்புறம் தலைப்புகளைப் பாருங்கள். வான்கூவரில் முதல் எழுத்து மட்டும் பெரியது. ஜோட்டெரோவிலேயே மாற்றும் வசதி இருக்கிறது, ஆனால் அது ஊர்ப்பெயரையும் குரோமியத்தின் குறியீட்டையும் சிறிய எழுத்தாக்கிவிடலாம். மாற்றியபின் பாலாறு வரும் தலைப்புகளைக் கண்ணால் பாருங்கள்.

நூலகத்தில் 22 வருடம்:
இன்னொன்று. பழைய அறிக்கைகளின் தலைப்பில் ‘வட ஆற்காடு’ என்று இருந்தால் அப்படியே விடுங்கள். போன மாதம் ஒரு மாணவர் அதையெல்லாம் ‘வேலூர்’ என்று மாற்றி வைத்திருந்தார். 1989க்கு முன் திருவண்ணாமலையும் அதில்தான் இருந்தது. தலைப்பை மாற்றினால் அந்த அறிக்கையை யாராலும் தேடி எடுக்க முடியாது. உங்கள் சொந்த வாக்கியத்தில் மட்டும் இன்றைய பெயரை எழுதுங்கள். 2019க்குப் பிறகு எடுத்த மாதிரி என்றால் வாலாஜாபேட்டை ராணிப்பேட்டை மாவட்டம்.

காட்பாடி மாணவி:
அனுப்பிவிட்டேன்! இன்று காலையில் மதிப்பீட்டுக்குப் போயிருப்பதாக மின்னஞ்சல் வந்தது. மூன்று பேருக்கும் மிக்க நன்றி.

ஒன்று சொல்ல வேண்டும். அனுப்பும் படிவத்தில் என் பெயரைக் கேட்டபோது, முதல் இதழில் செய்தது போலவே அப்பாவின் முதலெழுத்தைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட்டிருந்தேன். மேடம் எழுதியது நினைவுக்கு வந்து மாற்றினேன். ஓர்கிட் என்ற ஆய்வாளர் அடையாளக் கணக்கிலும் அதே மாதிரி மாற்றிவிட்டேன்.