11 வயது மகளுக்கு முதல் ஏர் ரைஃபிள்: பெரிய அளவாக வாங்கலாமா?

கேள்வி: பத்து_மீட்டர்

வணக்கம். மகளுக்கு 11 வயது, உயரம் 140 செ.மீ., எடை 33 கிலோ. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சியில் சேர்த்திருக்கிறோம். கிளப்பில் கொடுப்பது பெரியவர்களுடைய ரைஃபிள், 4.8 கிலோ. தூக்கினால் இடுப்பு முன்னால் தள்ளி முதுகு பின்னால் வளைகிறது. பட் பிளேட் (ரைஃபிளின் பின்முனைத் தகடு) தோளில் உட்காராமல் புஜத்துக்கு நழுவுகிறது. சொந்தமாக ஒன்று வாங்க நினைக்கிறோம். வளர்கிற பிள்ளை, பெரிய அளவாகவே வாங்கிவிடலாமா? ஸ்பிரிங் ரைஃபிள் விலை குறைவாக இருக்கிறதே, அது போதுமா?

பதில் 1: கருப்பு_வட்டம்

பெரிய அளவு வேண்டவே வேண்டாம் சார். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுக்கும் காரணம் அந்த அளவுதான். இந்த வயதில் உடம்பு பழகிக்கொள்ளும் நிலையைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

முதலில் கட்டையின், அதாவது தோளில் வைத்துப் பிடிக்கும் பகுதியின், நீளம். ட்ரிகரின் முன்முகத்திலிருந்து பட் பிளேட்டின் நடு வரை அளக்க வேண்டும். பெரியவர்களுடையது 33 முதல் 35 செ.மீ. வரை இருக்கும். உங்கள் மகளுக்கு 28 செ.மீ. பக்கம் வைத்துத் தொடங்கலாம். முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, பட் பிளேட்டை மடிப்பில் ஒட்டவைத்தால் சுட்டுவிரலின் முதல் சதைப்பகுதி ட்ரிகரில் இயல்பாக உட்கார வேண்டும். இது தோராயக் கணக்குதான், முடிவு சொல்வது நிற்கும் நிலை. ஷூட்டிங் ஜாக்கெட் போட்ட பிறகே அளந்து பாருங்கள். ஜாக்கெட் இல்லாமல் சரியாக இருந்த நீளம், போட்டதும் கூடிப்போகும்.

நீளம் அதிகமானால் விரல்நுனி மட்டும் ட்ரிகரைத் தொடும், அழுத்தம் நேராகப் பின்னால் வராமல் பக்கவாட்டில் தள்ளும். குறைந்தால் முகம் ரியர் சைட்டோடு (கண்ணருகே உள்ள, துளையிட்ட பின்குறி) இடித்துக்கொண்டு கழுத்து சுருங்கும்.

சரிசெய்யும் வரிசையை மாற்றாதீர்கள்: நீளம், பட் பிளேட்டின் உயரம், கன்னத் தாங்கி, கடைசியில் ரியர் சைட்டின் தூரம். கன்னத் தாங்கியை முதலில் வைத்துவிட்டு நீளத்தை மாற்றினால், கன்னம் படும் இடமே நகர்ந்து எல்லா வேலையும் வீண்.

கன்னத் தாங்கிக்கு நம்பகமான சோதனை ஒன்று இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் வைத்து, தலையின் பாரத்தைத் தாங்கியில் இறக்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணைத் திறந்தால் ரியர் சைட் துளையின் நடுவில் முன்வளையம் (குழல் முனையில் உள்ள குறிவளையம்) தெரிய வேண்டும். துளையின் மேல்பாதியிலோ கீழ்பாதியிலோ தெரிந்தால் தாங்கியை 2 மி.மீ. வீதம் நகர்த்துங்கள். தலையை அழுத்தியோ தூக்கியோ சமாளிக்கப் பிள்ளையை விடாதீர்கள்.

பதில் 2: நிதானம்

அளவு எல்லாம் சரி, ஆனால் நான் எடையைத்தான் முதலில் பார்ப்பேன். ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) விதியில் ரைஃபிளுக்கு 5.5 கிலோ உச்சவரம்பு இருக்கிறது, அவ்வளவு எடை வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் இவருக்கு 3.3 கிலோ. இப்போது தூக்குவது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். முன்பாரம் கூடினால்தான் பிள்ளை பின்னால் சாய்ந்து ஈடுகட்டும். ஜூனியர் ரைஃபிளில் குழலுக்குக் கீழே இருக்கும் காற்று சிலிண்டர் குட்டையாக இருப்பதில் இந்த லாபமும் உண்டு. சிறிது காலத்துக்கு உயரம் மாற்றக்கூடிய ஸ்டாண்டின் மேல் தாங்கிச் சுடட்டும். கட்டையின் முன்பகுதிதான் ஸ்டாண்டில் உட்கார வேண்டும், குழல் படக்கூடாது.

பத்து_மீட்டர்

இருவருக்கும் நன்றி. இன்னொன்று: வலது கைப் பழக்கம், ஆனால் சுடும்போது இடது கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். கண் உறுத்துகிறது என்கிறாள்.

பதில் 3: கருப்பு_வட்டம்

மூட விடாதீர்கள். ஒரு கண்ணை இறுக்கினால் மற்ற கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து இறுகும். இரு கைகளாலும் சின்ன முக்கோணத் துளை செய்து, கையை நீட்டி, தூரத்தில் ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண்ணுக்குப் பொருள் துளைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் ஆதிக்கக் கண். அது இடது என்றால், தொடக்கத்திலேயே இடது தோளில் பழக்குவது என் பரிந்துரை. கட்டையும் இடதுகைக்கானதாக வாங்க வேண்டியிருக்கும் என்பதால், ரைஃபிள் வாங்குமுன் இதை முடிவுசெய்யுங்கள். வலது என்றால் இடது கண்ணுக்கு முன்னால் பாதி ஒளி கடத்தும் வெள்ளை மறைப்பு போதும். கறுப்பு மறைப்பு வேண்டாம், ஒரு கண் இருட்டானால் இரண்டு கண்ணின் பாப்பாவும் விரியும்.

முன்வளையத்தையும் பாருங்கள். இலக்கின் கருப்பு வட்டம் 30.5 மி.மீ. அதைச் சுற்றி வெள்ளை நன்றாகத் தெரியும்படி 4 மி.மீ. அல்லது சற்றுப் பெரிய வளையம் போடுங்கள். சிறிய வளையம் போட்டால் சின்ன அசைவும் பெரிதாகத் தெரியும், பதறிப்போய் ட்ரிகரைச் சட்டென்று இழுத்துவிடும் பிள்ளை.

பதில் 4: ஈயக்குண்டு

ஸ்பிரிங் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வேண்டாம். குழலை மடக்கி ஏற்றும் பலம் 33 கிலோ பிள்ளைக்குப் போதாது. பாதியில் கை நழுவினால் குழல் அடித்து விரல் நசுங்கும். சுடும்போது உள்ளே பிஸ்டன் ஓடி ரைஃபிளையே உலுக்குவதால், குண்டு விலகியது யார் தவறு என்று பிள்ளைக்குப் புரியாது. அழுத்தக் காற்று சிலிண்டர் வகையில் லீவரைத் திறந்து 4.5 மி.மீ. தட்டைமுனை பெல்லட்டை (ஈயக் குண்டு) வைத்து மூடினால் வேலை முடிந்தது.

பழைய ரைஃபிள் வாங்கினால் சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் 10 ஆண்டுதான் ஆயுள். அழுத்தம் பொதுவாக 200 பார் வரை. உலர்ந்த சுத்தமான காற்று மட்டும் நிரப்ப வேண்டும், ஆக்சிஜன் கூடவே கூடாது, வெடிக்கும்.

போட்டி ரைஃபிளில் ட்ரிகரை 100 கிராம் அளவுக்கு இறக்கிவைப்பார்கள். தொடங்கும் பிள்ளைக்கு அது ஆபத்தான லேசு. கோச்சிடம் சொல்லிக் கூட்டிவையுங்கள். ட்ரிகரை அழுத்தும்போது முதல் கட்டம் முடிந்து இரண்டாம் கட்டம் தொடங்குவது விரலுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். சுடாத நேரமெல்லாம் குழலுக்குள் பாதுகாப்புக் கயிறு (உள்ளே குண்டு இல்லை என்று காட்டுவது), வீட்டில் பூட்டிய பெட்டி, அதன் சாவி உங்களிடம். சுடும்போது பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பெல்லட் ஈயம் என்பதால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக்கூடாது.

எல்லா அளவையும் தேதியோடு எழுதிவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அளந்து, தேவைப்பட்டால் பட் பிளேட்டுக்குப் பின்னால் 5 மி.மீ. தகடு ஒன்று சேர்த்தால் போதும்.