அலெக்ஸ் ஜான்சன் போகிறார்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

சிட்னி, டூங்காபியிலிருந்து:

ஆஸ்திரேலியக் கால்பந்து (ஃபுட்டி) அணியான சிட்னி ஸ்வான்ஸின் அடுத்த வருட (2019) ஆட்டக்காரர் பட்டியலில் அலெக்ஸ் ஜான்சன் இல்லை. செய்தியைப் படித்ததிலிருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது. எங்கள் வீட்டில் ஃபுட்டி பார்ப்பது நான் ஒருவன்தான். அதனால் இங்கே எழுதுகிறேன். அவர் ஆடியதை நேரில் பார்த்தவர்கள் இருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜான்சன் பின்களத்தில் ஆடுபவர். கிளப்புகள் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2010-இல் 57-வதாக எடுக்கப்பட்டவர். 2011, 2012 இரண்டு சீசனிலும் சேர்த்து 45 ஆட்டம். அந்த 45-வது ஆட்டம்தான் 2012 செப்டம்பர் 29 அன்று மெல்பர்னின் எம்சிஜி மைதானத்தில் நடந்த கிராண்ட் ஃபைனல், அதாவது சீசனின் இறுதிப் போட்டி. ஹாதோர்ன் அணியை 91-81 என்று ஜெயித்தோம். அப்போது அவருக்கு 20 வயது. அடுத்த வருடம் சீசன் தொடங்குவதற்கு முன்பே இடது முழங்காலில் ஏசிஎல் (முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நார்) அறுந்தது. சரி செய்தார்கள், மறுபடி அறுந்தது. நடுவில் கிருமித் தொற்று வேறு. ஒரே முழங்காலுக்கு ஐந்து முறை புது நார் வைத்துக் கட்டினார்கள். சின்னதும் பெரியதுமாக மொத்தம் 12 அறுவை சிகிச்சை. கிளப் அவரை ரூக்கி (கூடுதல் ஆட்டக்காரர்) பட்டியலில் வைத்துக் காத்திருந்தது. இந்த வருடம், 2018 ஆகஸ்ட் 4, சனிக்கிழமை, காலிங்வுட் அணிக்கு எதிராக சிட்னியின் எஸ்சிஜி மைதானத்தில் திரும்ப இறங்கினார். கிராண்ட் ஃபைனலுக்குப் பிறகு 2,100 நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அணிப் பட்டியல் வந்தபோது நான் ரயிலில் இருந்தேன். ஜான்சன் என்ற பெயரைப் பார்த்ததும் பாரமட்டாவில் இறங்க மறந்து அடுத்த ஸ்டேஷன் வரை போய்விட்டேன். அன்றைக்கே டிக்கெட் எடுத்தேன்.

மைதானத்தில் எனக்கு முன் வரிசையில் வயதான தம்பதி. அந்த அம்மா சிவப்பும் வெள்ளையுமாக எதையோ பின்னிக்கொண்டே இருந்தார். பந்து ஜான்சன் பக்கம் போனால் மட்டும் ஊசி நின்றுவிடும். போய்விட்டால் மறுபடி ஓடும். அவர் முதல் முறை பந்தைத் தொட்டபோது எழுந்த சத்தம் கோல் விழுந்தால்கூட அப்படி இருக்காது. நான் அன்று பாதி ஆட்டத்தில் பந்தையே பார்க்கவில்லை. அவர் எம்பிக் குதிக்கும்போதெல்லாம் கீழே இறங்கும் இடது காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அது தாங்கியது. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். சைரன் அடித்ததும் முன்னால் இருந்த அந்த அம்மா திரும்பி, முன்பின் தெரியாத என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு என்ன நடந்தது என்பதை நான் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். அதை எழுத எனக்கு மனசில்லை, அங்கே இருந்தவர்கள் யாராவது எழுதுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வேலையிடத்தில் நம் ஆள் ஒருவர், "ரெண்டு ஆட்டத்துக்கு ஆறு வருஷமா? எல்லாம் வீண்தானே" என்றார். இரண்டு வாரமாக அந்த வார்த்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மெல்பர்ன், கிளேட்டனிலிருந்து:

அந்த ஞாயிறு, ஆகஸ்ட் 12, நான் எம்சிஜியில் இருந்தேன். ஆனால் எதிர்ப் பக்கத்தில். நான் டீமன்ஸ், அதாவது மெல்பர்ன் அணியின் ஆள். எங்களுக்கும் அது சும்மா ஒரு ஆட்டம் இல்லை. 2006-க்குப் பிறகு மெல்பர்ன் ஃபைனல்ஸில் (சீசன் கடைசியில் முன்னணி அணிகள் மட்டும் ஆடும் சுற்று) கால் வைத்ததே கிடையாது. இந்த வருடமாவது போய்விட வேண்டும் என்ற தவிப்போடு மகனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

ஜான்சனின் கதை எங்கள் பக்கத்துச் சனத்துக்கும் தெரியும். அந்த வாரம் முழுக்க பேப்பரில், ரேடியோவில் அவரைப் பற்றித்தான் கதைத்தார்கள். அவர் விழுந்ததை நான் சரியாகக் காணவில்லை. பந்து வேறு பக்கம் போய்விட்டது, என் கண்ணும் அதோடு போய்விட்டது. பிறகு, வழக்கமாக வாயே மூடாத என் பின் வரிசைக்காரர் திடீரென்று பேசாமல் இருந்ததைக் கவனித்துத்தான் திரும்பிப் பார்த்தேன். "அந்தப் பையனா?" என்று மட்டும் கேட்டார். நான் ஓம் என்றேன். அதற்குப் பிறகு அவர் ஆட்டத்தில் ஒரு கால்வாசி நேரம் கத்தவே இல்லை.

மகன் கேட்டான், "அப்பா, அது சரி செய்த கால்தானே?" இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. ஐந்து முறை கட்டிய இடது முழங்கால் அப்படியே இருந்தது. அறுந்தது அதுவரை ஒன்றும் ஆகாத வலது முழங்கால். டூங்காபி அண்ணா, நீங்கள் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியதை வாசித்தபோது நெஞ்சு அடைத்துவிட்டது. நானும் அன்று தொடக்கத்தில் அந்தக் காலைத்தான் பார்த்தேன்.

நாங்கள் 9 புள்ளியில் தோற்றோம். தோற்ற ஆட்டங்களின் புள்ளி வித்தியாசத்தை நான் வருடக்கணக்காக நினைவில் வைத்திருப்பவன். அன்று மட்டும் ரயிலில் வரும்போது மகன் சொல்லித்தான் எத்தனை புள்ளி என்று தெரியும்.

பிரிஸ்பேனிலிருந்து:

நான் ஸ்வான்ஸ் ரசிகை இல்லை. ஃபுட்டியே கணவருக்காகத்தான் பார்ப்பேன். ஆனால் 'வீண்' என்ற அந்த வார்த்தையைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. 2015-இல் பேட்மின்டன் ஆடும்போது என் வலது ஏசிஎல் அறுந்தது.

யாரும் என்மேல் மோதவில்லை. பின்னால் எம்பி அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கினேன், உடம்பு திரும்பியது, முழங்கால் திரும்பவில்லை. உள்ளே ஈரக் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். பெரும்பாலும் இப்படித்தான் போகும் என்று டாக்டர் சொன்னார். ஓடிவந்து சட்டென்று நிற்பது, திசை மாறுவது, எம்பி இறங்குவது. ஃபுட்டி முழுக்க இதுதானே. ஆஃப்சைடு கிடையாது, எந்தப் பக்கமிருந்தும் ஆள் வரலாம், ஒரு ஆட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும்.

தொடையின் பின்பக்கத்திலிருந்து நாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு, முழங்காலுக்குள் கோத்து வைத்தார்கள். அறுவை சிகிச்சை எனக்குப் பெரிதாக நினைவில்லை. அதற்கு அடுத்த வாரம்தான் நினைவிருக்கிறது. படுக்கையில் காலை நீட்டி வைத்து, தொடைத் தசையை இறுக்கு என்று பிசியோ சொல்வார். நான் மூளையிலிருந்து உத்தரவு போடுகிறேன், தொடை அசையாது. என் கால்தான், ஆனால் வேறு யாருடையதோ போலக் கிடக்கும். ஒரே வாரத்தில் தொடை வற்றி, பேன்ட் தொளதொள என்று ஆகிவிட்டது. வீட்டில் டைல்ஸ் தரையில் உட்கார்ந்து, குதிகாலுக்குக் கீழே பிளாஸ்டிக் பையைப் போட்டு, அங்குலம் அங்குலமாக என் பக்கம் இழுப்பேன். வழுக்கிக்கொண்டு வரும், ஒரு இடத்தில் நின்றுவிடும். அந்த இடத்தில் தரையில் ஒரு டேப் ஒட்டி வைப்பேன். மறுநாள் அந்த டேப்பை ஒரு விரற்கடை தாண்டினால் அன்றைக்குச் சமையல் எல்லாம் சந்தோஷமாக நடக்கும். தாண்டாவிட்டால் வீட்டில் யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். ஓடத் தொடங்க நாலு மாதம், திரும்ப கோர்ட்டில் இறங்க பதினொரு மாதம். தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அளவு இடத்தில் இன்றுவரை உணர்ச்சி இல்லை.

இது எனக்கு ஒரே ஒரு முறை. நான் ஆடுவது சனிக்கிழமை காலை, பொழுதுபோக்குக்கு. ஜான்சன் இதையே அந்தக் காலுக்கு ஐந்து முறை செய்தார். இரண்டாவது, மூன்றாவது என்று போகப் போக, புது நாரை உடம்பில் எந்த இடத்திலிருந்து எடுப்பது என்பதே கேள்வியாகிவிடும். மற்றவர்கள் பயிற்சிக்கு ஓடும்போது அவர் ஓரமாகத் தனியாக நடை பழகியிருப்பார். முந்தைய தடவை எந்த வாரம் எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்துகொண்டே அடுத்த தடவைக்குப் போவது எப்படி இருக்கும் என்று என்னால் யோசிக்கவே முடியவில்லை. ஆகஸ்ட் 4 அன்று அவர் மைதானத்துக்குள் வந்ததைப் பார்த்துவிட்டு நான் சமையலறைக்குப் போய் அழுதேன். கணவர் ஏன் என்று கேட்கவில்லை. அந்த டேப்பை ஒட்டிக் கொடுத்ததே அவர்தான்.

அதனால் அந்த ஆறு வருடத்தை வீண் என்று சொல்லாதீர்கள். வலது கால் அறுந்ததால் இடது காலுக்கு அவர் செய்தது இல்லாமல் போய்விடாது. அந்தக் கால் ஜெயித்துவிட்டது.

மெல்பர்ன், ஃபுட்ஸ்க்ரேயிலிருந்து:

நான் புல்டாக்ஸ் அணியின் ஆள். 2016 கிராண்ட் ஃபைனலில் இதே ஸ்வான்ஸை 22 புள்ளியில் ஜெயித்தோம், 1954-க்குப் பிறகு முதல் முறை. அன்று எங்கள் கேப்டன் பாப் மர்ஃபி ஆடவில்லை. ஏப்ரலிலேயே ஏசிஎல் போய்விட்டது. கோச் லூக் பெவெரிட்ஜ் மேடையில் தனக்குக் கொடுத்த மெடலைக் கழற்றி மர்ஃபி கழுத்தில் போட்டார். அதைப் பார்த்து அழாதவர்கள் எங்கள் தெருவில் இல்லை.

மர்ஃபி 312 ஆட்டம் ஆடினார், ஒரு பிரீமியர்ஷிப்பில்கூட (கோப்பையை ஜெயித்த கிராண்ட் ஃபைனல்) இறங்கவில்லை. ஜான்சன் 47 ஆட்டம், அதில் ஒன்று பிரீமியர்ஷிப். யாருக்குக் கொடுப்பினை அதிகம் என்று நானும் தம்பியும் ஒரு நாள் முழுக்கப் பேசினோம், முடிவுக்கு வரவில்லை. அந்த 2012 ஆட்டத்தில் கடைசி கோலை அடித்து வெற்றியை உறுதி செய்த நிக் மல்செஸ்கியும் முழங்கால் அறுந்தவர்தான். 2008-இல் லார்ஸ் என்ற செயற்கை நார் வைத்து, மூன்று நான்கு மாதத்தில் திரும்பிவிட்டார். ஒரே அணி, ஒரே காயம். ஒருவருக்குத் தாங்கியது, இன்னொருவருக்குத் தாங்கவில்லை. உழைப்பில் குறை என்று யாரைச் சொல்ல முடியும்? எங்கள் கிளே ஸ்மித்தும் மூன்று முறை கட்டிய முழங்காலோடு இந்த வருடம் விலகினார். 25 வயது.

அடிலெய்டிலிருந்து:

எல்லாருடைய பதிவையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு 15 வயது. பெண்கள் ஃபுட்டி ஆடுகிறாள். கடைசி ஆட்டத்தில் ஏசிஎல், ஆறு வாரம் முன்பு அறுவை சிகிச்சை. இந்த விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் இறங்கும் பயிற்சியையாவது ஒழுங்காகச் செய்ய வைத்திருப்பேன். ஜான்சன் திரும்ப வந்த ஆட்டத்தின் காணொளியைத் தினமும் பார்க்கிறாள். அடுத்த வாரத்து ஆட்டத்தைக் காட்ட வேண்டாம் என்று நினைத்தேன், அவளே தேடிப் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு, "அப்ப என் இன்னொரு காலுக்கும் சேர்த்துப் பயிற்சி பண்ணணும்பா" என்றாள்.

பிரிஸ்பேன் அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் அவள் அறை மாடியில். இறங்கும்போது ரொம்பப் பயப்படுகிறாள். நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

பிரிஸ்பேனிலிருந்து:

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கட்டிய கால் முதலில். இப்போதைக்கு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். கைப்பிடி எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகவே போகட்டும். நீங்கள் அவளுக்குக் கீழே இரண்டு படி தள்ளி நில்லுங்கள், ஆனால் கையைப் பிடிக்காதீர்கள். மாற்றி மாற்றிக் கால் வைக்கலாம் என்று பிசியோ சொல்லும் நாளில் எனக்கு எழுதுங்கள். டேப் ஒட்டச் சொல்லிக் கொடுங்கள்.