மீளூட்டமா, மறுவூட்டமா? கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

கால்நடை மருத்துவர், நீலகிரி:
வணக்கம். மட்டக்குதிரை, கழுதை வளர்ப்போருக்கான கையேடு நாளை மறுநாள் அச்சுக்குப் போகிறது. ‘ரீஃபீடிங் சின்ட்ரோம்’ என்பதில்தான் சிக்கி நிற்கிறேன். வாரக்கணக்கில் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாய் வந்த குதிரைக்கு, பாவம் என்று வாளி நிறையக் கொள்ளும் தவிடும் வைத்துவிடுகிறார்கள். மாவுச்சத்து ஏறியதும் இன்சுலின் பெருகி, ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியத்தைச் செல்களுக்குள் தள்ளிவிடும். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாளில் இதயமோ மூச்சோ நின்றுபோகும். ‘மறுவூட்ட நோய்த்தொகை’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்:
மறு என்றால் களங்கமும்தான், டாக்டர். மீள் + ஊட்டம் = மீளூட்டம்; புணர்ச்சியும் சுத்தம். ஆனாலும் மணிமேகலையில் காயசண்டிகைக்கு வந்த யானைத்தீ என்ற தீராப்பசி நோயை நாம் மறக்கலாமா? அந்த வழியில் ‘இவுளித்தீ’ எனலாம். இவுளி குதிரை. கழுதையையும் சேர்க்க அத்திரி இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
ஐயா, அத்திரி கோவேறு கழுதை அல்லவா? அகநானூற்றில் சுறா தாக்கிக் காலில் புண்பட்ட அத்திரி வருமே, அதற்கே இன்னும் உரைகாரர்கள் சமாதானமாகவில்லை. கழுதைக்காரர் ‘இவுளித்தீ’யைப் படித்தால் லாயத்தில் தீப்பிடித்தது என்று தண்ணீர் வாளியோடு ஓடுவார்.

மருத்துவர்:
தவிர, காயசண்டிகைக்கு எவ்வளவு உண்டாலும் பசி அடங்காது. இங்கே உண்டதே கொல்கிறது.

ஆசிரியை, யாழ்ப்பாணம்:
நெடுந்தீவுக் குதிரைகள் வறட்சியில் தண்ணீரும் புல்லும் இல்லாமல் படும் பாட்டை நாங்கள் அறிவோம். அங்கே போய் நோய்த்தொகை என்றால் எட்டுத்தொகைக்குத் தம்பியோ என்பார்கள். ‘பட்டினித்தீனி நோய்’ என்று எழுதுங்கோ, விளங்கும்.

தமிழாசிரியர்:
அம்மா, ‘பட்டினித்தீனி’ பட்டினியையே தின்பது போல ஒலிக்கிறது. வேற்றுமைத் தொகையாய் விரித்தாலும் ‘பின்’ என்ற பொருள் எங்கிருந்து வரும்?

மருத்துவர்:
இன்னொன்றும் பாக்கி. கொழுத்த கழுதை, அதிலும் சினைக்கழுதை, நோயாலோ அதிர்ச்சியாலோ தீனி எடுக்காமல் போனால், உடம்புக் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் கொட்டுகிறது. கல்லீரலும் கெடும். ரத்தத்தைக் குழாயில் எடுத்து வைத்தால் மேலே தெளியும் நீர் பால் போல வெளுத்திருக்கும். ‘குருதிக் கொழுப்பேற்றம்’ எனலாமா?

மொழிபெயர்ப்பாளர்:
‘கழுதைக்குக் கொழுப்பேறிப்போச்சு’ என்றால் ஊரில் கட்டையைத்தானே எடுப்பார்கள்! நல்ல தீனியும் குளுக்கோசும் தர வேண்டிய நேரத்தில் அடி விழும். ‘பால்ரத்தம்’ என்று வைக்கலாமே.

ஆசிரியை, யாழ்ப்பாணம்:
அதைக் கேட்டால் கழுதைப்பால் விற்கிறவருடைய பிழைப்பு என்னாவது?

தமிழாசிரியர்:
‘வெண்குருதி’. தொல்காப்பியர் காலத்தவரும் புரிந்துகொள்வார்.

மருத்துவர்:
அவரிடம் கழுதை இல்லை ஐயா.
சரி, நேரமில்லை. நாசிவழி இரைப்பைக் குழாயை ‘மூக்குக் குழாய்’ என்றே விட்டுவிடுகிறேன். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே தேங்கியது திரும்பி வருகிறதா என்று பார்க்காமல் கரைசலை ஊற்றினால் இரைப்பையே கிழியும். அந்தப் பத்திக்குக் கட்டம் கட்டியாகிவிட்டது. அதில் யாரும் இலக்கணம் தேட வேண்டாம்.

தலைப்பில் ‘மீளூட்டக் கேடு’. கீழே ‘பட்டினிக்குப் பின் தீனியால் வரும் ஆபத்து’ என்று ஒரு வரி. மூன்று பேர் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன். ‘பால்ரத்தம்’ மேற்கோள் குறிக்குள். சுமார் 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு முதல் மூன்று நாளுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக் கிலோ குதிரை மசால் (லூசர்ன் தீவனம்) மட்டும், தானியம் கூடாது என்ற அட்டவணை எப்படியும் போகிறது.

தமிழாசிரியர்:
கேடு நோயன்று, நோயின் விளைவு. என் மறுப்பைப் பதிந்துகொள்ளவும். இவுளித்தீயை அடுத்த பதிப்புக்கு வைத்திருக்கிறேன்.