கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் டேகெயார் (பிள்ளைப் பராமரிப்பு நிலையம்): 22 டாலர் எல்லாருக்குமா?

கேள்வி: மகளுக்கு 3 வயது, ரெண்டு பேரும் வேலை. நாளுக்கு 22 டாலர்தான் எண்டு சொல்லினம். எங்களிட்ட 48 கேக்கினம். ஏன்?

பதில் 1: அந்த டேகெயார், கட்டணத்தைக் குறைக்கும் மத்திய-மாகாண அரசுத் திட்டத்தில் சேரவில்லைப் போல. உரிமம் இருந்தும் சேராத இடங்கள் உண்டு. உரிமமில்லாத வீட்டுப் பராமரிப்புக்கு இது பொருந்தவே பொருந்தாது. சேர்ந்த இடத்தில் 2025 ஜனவரி முதல் அடிப்படைக் கட்டணம் 22ஐத் தாண்டக்கூடாது. பிள்ளையைப் பிந்திக் கூப்பிடப் போனால் வாங்கும் தண்டம் அதற்குள் வராது. பெற்றோர் விண்ணப்பிக்கத் தேவையில்லை.

பதில் 2: இந்த 22 டாலர் திட்டம் வேறு, வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் டேகெயார் மானியம் வேறு; ரெண்டையும் குழப்ப வேண்டாம். மானியத்துக்கு நகரசபையில் விண்ணப்பிக்கவேணும்; இருவரும் வரி தாக்கல் செய்திருக்கவேணும், பலருக்கு இங்கேதான் இழுபடுகிறது. வருட வருமானம் 20,000 வரை கட்டணமில்லை. 20,000க்கும் 40,000க்கும் இடைப்பட்ட தொகையில் 10 வீதம், அதற்கு மேற்பட்டதில் 30 வீதம் உங்கள் பங்கு. காத்திருப்புப் பட்டியல் நீளம், பெயரை முதலே போடுங்கோ.

பதில் 3: மகளுக்கு 4 வயதாகும் ஆண்டின் செப்டம்பரில் பொதுப் பள்ளியில் ஜூனியர் கிண்டர்கார்டனில் (பாலர் வகுப்பு) சேர்க்கலாம், முழுநாள், இலவசம். டிசம்பரில் பிறந்தாலும் அதே ஆண்டுதான். பிறப்புச் சான்று, முகவரிச் சான்று, தடுப்பூசி அட்டை வேணும். பள்ளி விட்ட பிறகான பராமரிப்புக்குத் தனியாகப் பதியவேணும்.