காயம்பட்ட பச்சோந்தி 4 நாளாக இரை எடுக்கவில்லை, ஊட்டிவிடலாமா?

கேட்டவர்: பசுங்கிளை

வீட்டில் வளர்க்கும் வெய்ல்டு (Veiled) இனப் பச்சோந்தி, ஆண், 14 மாதம். 4 நாள் முன்பு கூண்டின் மேல்வலையிலிருந்து விழுந்தது. இடது முன்காலில் ஒரு நகம் பிய்ந்து, பாதத்துக்குச் சற்று மேலே வீங்கியிருக்கிறது. அன்றிலிருந்து இரையைத் தொடவில்லை. போன வாரம் 118 கிராம், இன்று காலை 109. எச்சத்தில் வெள்ளையாக வரும் பகுதி மஞ்சளாக வருகிறது. பகலிலும் அடிக்கடி கண்ணை மூடிக்கொள்கிறது. மருத்துவர் நாளை மறுநாள் வரச் சொல்லியிருக்கிறார். அதுவரை சிரிஞ்சில் உணவு ஊட்டலாமா?

வால்சுருள்

இன்னைக்கு ஊட்டாதீங்க. முதல்ல தண்ணி, சூடு. இரை அப்புறம்தான்.

எச்சம் மஞ்சளா வருதுன்னா உடம்புல நீர் வத்திப்போச்சு. அந்த நிலையில உள்ளே போற உணவு நகராது, குடல்லயே கிடந்து கெட்டுப்போகும். வெதுவெதுப்பான தண்ணியை ஒரு நாளைக்கு 3 தடவை, ஒவ்வொரு தடவையும் 5 நிமிஷம், மென்சாரலா இலைகள் மேல அடிங்க. முகத்துக்கு நேரா வேண்டாம். நடுவுல மூக்குக்கு முன்னாடி இருக்கிற இலையில சொட்டுச் சொட்டா விழுற மாதிரி வையுங்க. தொண்டை ஏறி இறங்குதான்னு பாருங்க, குடிக்குதுன்னு அர்த்தம்.

அடுத்தது சூடு. உடம்பு சூடாகலைன்னா செரிமானமே நடக்காது. காயம்பட்ட காலோட விளக்குகிட்ட ஏற முடியாம கீழேயே குளிர்ந்து கிடக்கும். அதனால கிளைகளைத் தரையிலிருந்து 15–20 செ.மீ. உயரத்துக்குள்ள படுக்கைவாட்டமா கட்டுங்க, அடியில துண்டு விரிங்க. விளக்கையும் அதுக்கேத்த மாதிரி இறக்கணும். வெயில் காயுற இடத்துல 29–30 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 24. வெப்பமானியைத் தரையில வைக்காம, அதோட தலைக்கொண்டை வர்ற உயரத்துல வைங்க. விளக்குக்குக் கிட்ட இருக்கிறது கொண்டைதான், முதல்ல சுடுபடுறதும் அதுதான். மூணு பக்கமும் துணி போட்டு மறைச்சிடுங்க.

வளர்ந்த ஆண் நாலு நாள் சாப்பிடாம இருக்கிறது அவ்வளவு பெரிய விஷயமில்ல. பகல்ல கண் மூடுறதுதான் எனக்குக் கவலையா இருக்கு. பச்சோந்தி வெளிச்சத்துல கண் மூடினா உடம்பு ரொம்ப முடியலைன்னுதான் அர்த்தம். மருத்துவருக்கு மறுபடி போன் பண்ணி இதைச் சொல்லுங்க, நேரத்தை முன்கூட்டித் தரச் சொல்லிக் கேளுங்க. எடை 106-க்குக் கீழ போனா 10 சதவீதத்துக்கு மேல இழந்தாச்சு, அப்புறம் காத்திருக்கவே கூடாது.

இலைநிழல்

காலைப் பற்றிச் சொல்கிறேன். போவிடோன் அயோடினை வெளிர் தேநீர் நிறம் வரும்வரை நீர்த்து, துணியில் நனைத்து நகம் பிய்ந்த இடத்தில் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் இரண்டும் புதிதாக வளரும் தசையை அரித்துவிடும். மனிதர்களுக்கான வலி மாத்திரை ஒரு துணுக்குகூடக் கொடுக்கக் கூடாது.

பாதம் கிளையை இறுக்கிப் பிடிக்கிறதா என்று கவனியுங்கள். பாதத்தில் எதிரெதிராக ஒட்டியிருக்கும் இரண்டு விரல்தொகுதிகளும் கிளையைச் சுற்றி மூடாமல் தொங்கினால் எலும்பு முறிவாக இருக்கலாம், எக்ஸ்-ரே தேவை. வீட்டில் குச்சி வைத்துக் கட்டாதீர்கள். கட்டு சற்று இறுகினாலும் ரத்தம் நின்று கால் கறுத்துவிடும்.

சின்ன வீழ்ச்சிக்கே எலும்பு முறிந்திருந்தால் கால்சியம் குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும். கால்சியம் உடலில் சேர யூவிபி என்ற புற ஊதாக் கதிர் வேண்டும். அதைத் தரும் குழல்விளக்கு வாங்கி எவ்வளவு நாளாகிறது? ஓராண்டு தாண்டினால் வெளிச்சம் அப்படியே இருக்கும், யூவிபி குறைந்துபோயிருக்கும். நடுவில் கண்ணாடி இருந்தால் யூவிபி பெரும்பாலும் உள்ளே வராது.

பசுங்கிளை

விளக்கு மாற்றி 16 மாதம் ஆகிறது, இன்றே மாற்றுகிறேன். பட்டுப்புழுவைக் காட்டினேன். ஒரு கண்ணைத் திருப்பிப் பார்த்தது, வாயைக் கொஞ்சம் திறந்தது, நாக்கு நுனி உதட்டுவரை வந்து அப்படியே உள்ளே போய்விட்டது.

வால்சுருள்

நல்ல சேதி. பசி இருக்கு, ஆனா நாக்கை வீச முடியல. விழுந்தப்போ நாக்குல அடிபட்டிருக்கலாம், இல்லைன்னா வலியில முன்காலை ஊன்ற முடியாம இருக்கலாம். ரெண்டையும் மருத்துவர்கிட்ட சொல்லுங்க, வாயைத் திறந்து பார்க்கட்டும். இப்போதைக்குப் புழுவை மழுங்கின இடுக்கியில பிடிச்சு உதட்டுல தொடுற தூரத்துக்குக் கொண்டுபோங்க. நாக்கை வீசாமலே கடிச்சு எடுத்துக்கும். பட்டுப்புழு மெத்துன்னு இருக்கும், நீர்ச்சத்தும் அதிகம்.

எச்சம் வெள்ளையா மாறினதுக்கப்புறமும் தானா எடுக்கலைன்னா, சிரிஞ்சுல ஊட்டுறதை மருத்துவர் கையால ஒரு தடவை காட்டச் சொல்லுங்க. மூச்சுக்குழல் வாசல் நாக்கடியிலேயே இருக்கு, தப்பா போனா நுரையீரல் போச்சு. ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்ச், வாயோரமா, நாக்குக்கு மேல தள்ளாம, ஒரு சொட்டு விட்டு விழுங்கினதுக்கப்புறம் அடுத்த சொட்டு. முதல் வேளைக்கு அரை மி.லி. போதும். மூக்குல குமிழ் வந்தா உடனே நிறுத்தித் தலையைக் கீழ்நோக்கிச் சாய்ச்சுப் பிடிங்க.

இன்னொண்ணு, சாப்பிடாத கிரிக்கெட் பூச்சியை ராத்திரி கூண்டுல விட்டுவைக்காதீங்க. தூங்கும்போது காயத்தைக் கடிக்கும்.